‘ஹை’ என்றால் சம்மதம் அல்ல

சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஜப்பானிய மொழி படிக்கும் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

சுங்கை பாக்காப்பிலும் அதை ஒட்டிய ஜாவி, வால்டோர், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பகுதிகளிலும் இருந்துகொண்டு ஜப்பானிய மொழி படிக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். சிலர் மேற்படிப்புக்காகப் படிக்கிறீர்கள், சிலர் வேலைக்காக, சிலர் அனிமே பார்த்து வந்த ஆசையால். எதற்காகப் படித்தாலும் அது வீண்போகாத இடத்தில்தான் இருக்கிறீர்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது முதலில் வந்து ஆலை அமைத்த எட்டு நிறுவனங்களில் ஹிட்டாச்சியும் கிளாரியனும் ஜப்பானுடையவை. 1982இல் துன் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு மலேசிய மாணவர்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் ஜப்பான் போகும் வழி அகலமானது. 2014 மார்ச்சில் பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்ததும் அத்தீவின் ஆலைகள் உங்கள் ஊருக்கு இன்னும் கிட்டே வந்துவிட்டன. ஆகவே ஜப்பானியர் பேச்சு உங்கள் காதில் அன்றாடம் விழக்கூடிய பேச்சு. அதில் மிகுதியாக விழப்போவது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பெரிய சொற்கள் அல்ல. ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடையே போடும் சின்னச் சின்ன ஏற்புச் சொற்கள்தாம். அவற்றைத்தான் நாம் அதிகமாகத் தவறாகக் கேட்கிறோம். ஆங்கிலத்தின் வழியாகக் கேட்பதால் வரும் தவறு அது. தமிழின் வழியாகக் கேட்டால் அதில் பெரும்பகுதி வராது. இந்த மடலில் நான் வாதிட விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முதல் பாடத்திலேயே ‘ஹை’ என்றால் ‘யெஸ்’ என்று எழுதிக்கொள்கிறோம். ஆனால் ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது பிள்ளை ‘ஹை’ என்கிறது. அங்கே அது ‘உள்ளேன் ஐயா’. கடைக்காரர் பொருளை நீட்டும்போது ‘ஹை, தோஸொ’ என்கிறார்; அது ‘இந்தாங்க’. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு ‘ஹை’ வருகிறது. அது ‘இதோ வரேன்’. மேலாளர் வேலை சொல்ல, ஊழியர் ‘ஹை’ என்றால் ‘சரிங்க’. தொலைபேசியில் ஒருவர் நீளமாக ஒரு விஷயத்தை விளக்கிக்கொண்டிருக்க, மறுமுனையில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஹை, ஹை’ என்று விழுந்துகொண்டிருந்தால் அது வெறும் ‘ம்’. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு அப்பால் அதில் ஒன்றுமில்லை. இந்த ஐந்து இடத்திலும் ‘நீங்கள் சொல்வது எனக்கு உடன்பாடு’ என்ற பொருள் ஓரிடத்திலும் இல்லை. நேரான கேள்விக்குப் பதிலாக வரும்போது ‘ஹை’க்கு அந்தப் பொருளும் உண்டு, மறுக்கவில்லை. அது செய்யும் பல வேலைகளில் அது ஒன்று, அவ்வளவுதான். நம் நாட்டு அலுவலகங்களில் கேட்கும் மலாய் ‘பாய்க்’ இதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். ஆங்கில ‘யெஸ்’ பக்கத்தில்கூட வராது.

இப்படி இடையிடையே போடும் ஏற்புச் சொற்களுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘ஐஸுச்சி’. கொல்லன் உலையில் ஆசானும் உதவியாளும் ஒருவர் விட்ட அடிக்கு மறு அடியாகச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல் அது. பேச்சு என்பது ஒருவர் செய்து மற்றவர் வாங்கிக்கொள்ளும் பண்டமல்ல, இருவர் சேர்ந்து அடித்து உருவாக்குவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மிஸுதானி நொபுகொ என்ற ஜப்பானிய மொழி அறிஞர் இதற்குக் ‘கியோவா’ என்றே பெயர் சூட்டினார். கூடிப் பேசுதல் என்று பொருள். 1980களில் ஜப்பானியர் உரையாடலையும் அமெரிக்கர் உரையாடலையும் ஒப்பிட்டு ஆராய்ந்த செங்கொ மேனார்ட், ஜப்பானியர் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக இப்படி ஏற்புச் சொல் போடுவதைக் கண்டார். ஆங்கிலம் பேசுபவர் பெரும்பாலும் மற்றவர் முடிக்கும்வரை வாய் திறக்காமல் கேட்பதை மரியாதை என்று நினைக்கிறார். ஜப்பானியருக்கு அந்த மௌனம் கலக்கம் தரும். தொலைபேசியில் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேட்டுவிடுவார்.

இது நமக்குப் புதிதா? பாட்டி கதை சொன்னால் பேரப்பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுபோகும். தோட்டத்து லயங்களிலும் கம்பத்து வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கதை நடந்தது இந்த ‘உம்’மை நம்பித்தான். வில்லுப்பாட்டில் இதைக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள். தலைமைப் பாடகர் கதை விரிக்க, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். கதையில் வரும் கொடியவன் ஊரைக் கொளுத்தினான் என்றாலும் ‘ஆமா’தான். அந்தக் கொடுமைக்கு அவர் உடன்பட்டார் என்று கூட்டத்தில் யாரும் பொருள் கொள்வதில்லை. கேட்பதும் ஒரு தொழில், அதற்கென்று சொற்கள் உண்டு, அந்தச் சொற்கள் உடன்பாட்டைக் குறிப்பவை அல்ல என்பது நம் காதுக்குப் பிறவியிலேயே தெரியும். ஜப்பானிய வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் இந்த அறிவை வாசலில் விட்டுவிட்டு ஆங்கிலச் சொற்பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

தவறாகக் கேட்டால் என்ன ஆகும்? உங்கள் யோசனையை நீங்கள் விளக்க, எதிரே இருப்பவர் முழுக்க முழுக்க ‘ஹை’ சொல்லித் தலையாட்டுகிறார். கடைசியில் ‘கென்தோ ஷிமஸ்’ என்கிறார். ஆராய்கிறோம் என்பது அகராதிப் பொருள். ஒப்புக்கொண்டுவிட்டார், இனி நாள் குறிப்பதுதான் பாக்கி என்று எண்ணி நீங்கள் வேலையைத் தொடங்கினால் ஏமாற்றம்தான். அந்த வாக்கியத்துக்குச் சரியான தமிழ் ‘பார்க்கலாம்’. சம்பந்தம் பேசப் போன இடத்தில் ‘பார்க்கலாம்’ என்ற பதில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம்மில் யாருக்கும் அகராதி வேண்டியதில்லை. ‘கெக்கோ தெஸ்’ என்பது நன்றாக இருக்கிறது என்றும் ஆகும், வேண்டாம் என்றும் ஆகும். ‘தைஜோபு தெஸ்’ என்பதும் அப்படியே. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டதற்கு நாம் சொல்லும் ‘பரவாயில்லை’யும் அப்படித்தான் இருபக்கமும் திரும்பும். இந்த வகைப் பிழை நாடுகளுக்கிடையிலும் நடந்ததாகச் சொல்வார்கள். 1969இல் ஜப்பானியத் துணி ஏற்றுமதியைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் கேட்டபோது, ஜப்பானியப் பிரதமர் சாத்தோ சொன்ன ‘ஸென்ஷொ ஷிமஸ்’ என்ற நழுவலான பதில் உறுதிமொழிபோல மொழிபெயர்க்கப்பட்டு இருவருக்கும் இடையே கசப்பு வளர்ந்தது என்பது பரவலாக வழங்கும் செய்தி. அந்தச் சொற்கள் அப்படியே சொல்லப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அரை நூற்றாண்டாக இந்தச் செய்தி எடுத்துக்காட்டாக நிலைத்திருப்பதே, ஆங்கிலக் காது இந்தச் சொற்களில் எங்கே இடறுகிறது என்பதைக் காட்டப் போதும்.

எதிர்மறைக் கேள்வியில் இடறல் இன்னும் மோசமானது. இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லையா என்று ஜப்பானியப் பொறியாளர் கேட்கிறார். பழுது இல்லை. ஆங்கில வழியில் பழகியவர் ‘நோ’ என்று தொடங்க வேண்டும். ஜப்பானிய மொழியில் ‘ஹை’ என்றே தொடங்க வேண்டும், ‘நீங்கள் சொன்னபடியே, இல்லை’ என்ற பொருளில். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ‘ஈஎ’ என்று மறுத்துவிட்டால், இல்லை என்பதை மறுத்ததாகி, பழுது இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் ‘நீ போகலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, போகல’ என்று இயல்பாகவே சொல்கிறோம். ஆங்கில வகுப்பில் நம்மைத் திருத்தித் திருத்திப் போக்கிய அந்தப் பழக்கம் ஜப்பானிய மொழிக்கு அப்படியே பொருந்தும்.

இதுவரை சொன்னது பொருளைப் பற்றி. ஒலியிலும் தமிழ்க் காதுக்கு ஒரு பலம் இருக்கிறது. நெருங்கியவர்கள் பேசும்போது ஆமாம் என்பதற்கு ‘உன்’ என்றும், இல்லை என்பதற்கு அதையே நீட்டி நடுவில் தாழ்த்தி உயர்த்தி ‘ஊன்’ என்றும் முனகுவார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ‘ம்’ என்பதையும் ‘ம்ஹூம்’ என்பதையும் பிரித்துக் கேட்கும் நமக்கு இது எளிது. ‘ஒபஸன்’ என்றால் அத்தை, ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. ‘பிரு’ கட்டடம், ‘பீரு’ பியர். குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து வைத்து, ஒலியின் அளவைக் கண்ணிமைப் பொழுதாலும் விரல் நொடியாலும் அளந்து தொல்காப்பியத்திலேயே இலக்கணம் செய்த மொழி நம்முடையது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தமிழில் வேறு வேறு. தேவநாகரியில் அந்த வேறுபாடு காட்ட வழக்கமான எழுத்தில்லை. ரோமன் எழுத்தில் மேலே கோடு போட்டால்தான் தெரியும். ஒரே ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் சொல்லின் இடையிலும் கடையிலும் நிற்கும் ‘ன்’ ஒலிக்கு முழு அளவு உண்டு. அதை அவசரமாக விழுங்கிவிடக் கூடாது.

‘சோ தெஸ் கா’ என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறங்கு தொனியில் வந்தால் அது கேள்வியே அல்ல, செய்தியை வாங்கிக்கொண்டேன் என்ற ஏற்பு. ஏறு தொனியில் வந்தால் ஐயம். ஆங்கிலத்தில் ‘அது அப்படியா’ என்று மொழிபெயர்த்துப் படித்தவர்கள், தாம் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எண்ணி மறுபடியும் முதலிலிருந்து விளக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் ‘அப்படியா’வுக்கும் இதே இரண்டு தொனி, இதே இரண்டு பொருள். பெரியவர் ஒருவர் செய்தி சொல்ல ‘அப்படியாங்க’ என்று தாழ்த்திச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தொனியையே ஜப்பானியத்துக்குக் கொண்டுபோங்கள்.

இங்கே ஆசிரியர்கள் ஒரு மறுப்பு எழுப்புவார்கள், அது நியாயமான மறுப்பு. தமிழ் எழுத்தில் ஜப்பானியச் சொல்லை எழுதிப் படித்தால் உச்சரிப்பு கெடும் என்பார்கள். கெடும்தான். ‘புரிந்தது’ என்று ஏற்கும் ‘வகரிமஷ்த’ என்ற சொல்லையே பாருங்கள். அதில் ககரம் வல்லொலியாகவும் ஒற்றையாகவும் இருக்க வேண்டும். ‘வகரி’ என்று எழுதினால் தமிழ் நாக்கு அதை மென்மையாக்கிவிடும். ‘வக்கரி’ என்று எழுதினால் இரட்டித்துவிடும். தமிழில் சொல் நடுவே வல்லொலி வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும்; ஜப்பானியத்தில் வல்லொலி வேறு, இரட்டிப்பு வேறு. வந்து என்பதற்கும் அஞ்சல்தலை என்பதற்கும் அங்கே அந்த ஓர் இரட்டிப்புதான் வேறுபாடு. மருத்துவமனையைக் குறிக்கும் ‘ப்யோஇன்’, அழகு நிலையத்தைக் குறிக்கும் ‘பியோஇன்’ இரண்டையும் தமிழில் எழுதும் நம்மில் பலர் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். ஆகவே எழுத்துக்கு ஹிராகானாவையே நாடுங்கள். அடிப்படை எழுத்து 46தான், இரண்டு வாரத்தில் வசப்படும். நான் கேட்பது எழுத்தை அல்ல. அளவை உணரும் காதையும், ஏற்பையும் உடன்பாட்டையும் பிரித்தறியும் மனத்தையும் தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தமிழ் வழி என்றதும் சிலர் வேறொரு பக்கம் ஓடிவிடுகிறார்கள்; அதையும் தடுக்க வேண்டியிருக்கிறது. ‘அரிகதோ’ என்பது நம் ‘அரிது’தான் என்று சொல்லிப் பூரிப்பவர்கள் உண்டு. அச்சொல்லின் பழைய வடிவத்துக்கு ‘இருத்தற்கு அரியது’ என்பது பொருள்தான். ஆனால் அதில் ‘அரி’ என்ற பகுதி ‘இருத்தல்’. அருமையைக் குறிப்பது பின்னால் வரும் ‘கத’. ஒலி ஒத்துப்போகும் பாதியில் பொருள் ஒத்துப்போகவில்லை. இதே சொல் போர்த்துகீசிய ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்தது என்பதும் அப்படிப்பட்ட காதுப் பிழையே. போர்த்துகீசியர் ஜப்பானை எட்டியது 1543இல்; அச்சொல்லின் பழைய வடிவம் 1000ஆம் ஆண்டை ஒட்டி ஸெய் ஷோனாகொன் எழுதிய நூலிலேயே இருக்கிறது. நம் ஊரில் கான்டனீஸ் படம் பார்த்து வளர்ந்தவர்கள், கான்டனீஸில் ஆமாம் என்று வரும் ‘ஹை’யும் ஜப்பானிய ‘ஹை’யும் ஒன்று என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. சுசுமு ஓனோ என்ற பேரறிஞர் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் இணையரோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து, தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று வாதிட்டார். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. என் வாதத்துக்கு அந்த உறவு தேவையே இல்லை. இரண்டு மொழிகள் உறவில்லாமலேயே ஒரே மாதிரி உம் கொட்டலாம்.

உம் கொட்டுவதில் மரியாதைக் கணக்கு உண்டு என்பதும் நமக்குத் தெரிந்ததே. தாத்தாவிடம் வெறும் ‘ம்’ போட்டால் அடி விழாவிட்டாலும் முறைப்பு விழும். ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்று அந்த ‘ங்க’ வேண்டும். அங்கேயும் மேலாளரிடம் ‘உன்’ கூடாது, ‘ஹை’ வேண்டும். ‘நருஹொதொ’ என்பது ‘ஓகோ, அப்படியா சங்கதி’ என்பதுபோல. மூத்தவரிடம் அதை அடிக்கடி சொன்னால் அவர் பேச்சை எடைபோடுவதாகிவிடும். ‘சரி, புரிந்தது’ என்பதற்கு ‘ர்யோகை’ சக ஊழியருக்கு. மூத்தவருக்கு ‘ஷோச்சி ஷிமஷ்த’, வாடிக்கையாளருக்கு ‘கஷிகொமரிமஷ்த’. ‘ஹை ஹை’ என்று இரட்டித்துச் சொன்னால் ஜப்பானியத் தாய்மார்கள் ஒருமுறை சொன்னால் போதும் என்று பிள்ளையைக் கண்டிப்பார்கள். அது நம் சலிப்பான ‘சரி சரி’.

இனி, மூத்தோர் மனத்தில் இருக்கும் மறுப்பு. எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. 19ஆம் தேதி பினாங்கு ஜப்பானியர் கையில். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகச் சயாமுக்கு ஏற்றிப்போனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது அதன் ஓரத்தில் பல்லாயிரம் தமிழர் புதைந்திருந்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தத் தலைமுறை கேட்ட ஜப்பானியம் ‘கொரா’ என்ற அதட்டலும், மலாய்க்காரர்கள் ‘பகேரோ’ என்று நினைவில் வைத்த ‘பகயரோ’ என்ற வசையும். அப்படிப்பட்டவர்களின் மொழியில் எப்படி ஆமாம் போடுவது என்று பேரப்பிள்ளைக்கு ஏன் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டால், அந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்துதான் பதில் சொல்ல முடியும். என் பதில் இது: அன்று நம்மவர்கள் வாயிலிருந்து வாங்கப்பட்ட ஏற்பு பணிதல் மட்டுமே. எதிர்த்துக் கேட்கவும், புரியவில்லை என்று சொல்லவும், ‘பார்க்கலாம்’ என்று நழுவவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. இன்று உங்களுக்கு இருக்கிறது. ஏற்புக்கும் உடன்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொண்டவர்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும். எல்லாவற்றுக்கும் ‘ஹை’ என்றால் சம்மதம் என்று நம்பும் ஊழியர் தன் எதிர்க்கருத்தையும் விழுங்கிவிடுவார். வரலாற்றை மறக்காமலே இதைக் கற்கலாம்.

ஆலைகளில் ஆங்கிலம் போதுமே, கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுமே என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்புச் சொல் அரை நொடிக்குள் விழ வேண்டும். கைப்பேசியை எடுப்பதற்குள் அதன் காலம் போய்விடும். ஜப்பானியர் ஆங்கிலத்தில் பேசும்போதும் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் அந்த ‘ஹை’யைத்தான். உடன்பாடு உண்டா என்று எப்படித்தான் உறுதி செய்வது? அதற்கு அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டும் ‘ஃபுக்ஷோ’ அவர்கள் பணியிடங்களில் பழக்கம். எத்தனை பெட்டி, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். அவரையும் சொல்ல வையுங்கள். இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு 2010இல் மாற்றியமைக்கப்பட்டபோது கேட்டல் பகுதியில் உடனடி மறுமொழி என்ற ஒரு வகைக் கேள்வி வந்தது. தாளில் ஒன்றும் அச்சாகியிருக்காது. ஒரு வாக்கியம் காதில் விழும், மூன்று பதில்கள் காதில் விழும், பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மடல் பேசுவதெல்லாம் அங்கே மதிப்பெண்ணாக வந்து நிற்கிறது. தேர்வுக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். ஒரு பத்து நிமிட ஜப்பானிய உரையாடலை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு ‘ஹை’க்கும் ‘சோ தெஸ் கா’வுக்கும் எதிரே, அந்த இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்வோமோ அதைத் தமிழில் எழுதுங்கள். ‘யெஸ்’ என்று ஓரிடத்திலும் எழுத வேண்டாம். ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்கள் அந்தக் குறிப்பேட்டை அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துத் தமிழ் எழுத்தாளன்